சதுரங்கப் பலகையில் வானிலை

1910-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் ஐரோப்பிய நாடுகள் பலவும் ஓர் உடன்பாட்டின்படி ஆகாயத்தை அளப்பதற்குப் பலூன்களை மேலே செலுத்தின. அன்று பெற்ற அளவைகளை நோர்வே அறிஞர் பியர்க்னெஸ் பின்னர் லைப்சிக் நகரிலிருந்து வரைபடங்களாக வெளியிட்டார். அவ்வரைபடங்களைக் கையிலெடுத்து, மறுபொழுது வானிலையைக் கணக்கினாலேயே கண்டுவிடலாம் என்று துணிந்தவர் லூயிஸ் பிரை றிச்சார்ட்சன் என்னும் ஆங்கிலேயர்.

காற்றும் நீரைப் போலப் பாயும் பொருளே. அதன் ஓட்டத்தை ஆளும் சமன்பாடுகள் முன்னரே தெரிந்திருந்தன. ஆயினும், எங்கும் இடைவெளியின்றிப் பரந்து கிடக்கும் காற்றை எண்களாக்குவது எங்ஙனம்? றிச்சார்ட்சன் ஐரோப்பாவின் மேல் ஒரு சதுரங்கப் பலகையை விரித்தார். ஒவ்வொரு கட்டமும் வடக்குத் தெற்காக 200 கிலோமீற்றர். கிழக்கு மேற்காக 3 பாகை. உயரத்தில் ஐந்து அடுக்குகள். ஒரு கட்டத்தில் அமுக்கம், அடுத்த கட்டத்தில் காற்றின் உந்தம் என மாறி மாறி வைத்தார்.

இனித்தான் தொல்லை தொடங்கியது. கட்டங்கள் வரிசையாக நின்றன. பலூன் விட்ட நிலையங்களோ ஊருக்கு ஊர் தாறுமாறாகக் கிடந்தன. அளந்த இடம் ஒன்று, எண் வேண்டிய இடம் வேறொன்று. ஆகவே வரைபடக் கோடுகளுக்கு இடையே மதிப்பிட்டே கட்டங்களை நிரப்பவேண்டியதாயிற்று. பலகையின் ஓரமும் இடர் தந்தது. ஒரு கட்டத்தைக் கணிக்க அதன் அயற்கட்டங்கள் வேண்டும்; விளிம்பிலுள்ள கட்டத்துக்கு அப்பால் அயலில்லை. ஆதலின் நடுவிலுள்ள இரண்டு கட்டங்களில் எழும் மாற்றத்தை மட்டுமே அவர் கணித்தார். படிவங்களை அமைத்துக் கணித்து முடிக்க ஏறக்குறைய ஆறு கிழமை சென்றதென்று அவரே எழுதியுள்ளார்.

அந்த வேலை நடந்த இடம் ஆய்கூடமன்று. போரை மறுக்கும் குவேக்கர் சமயத்தவரான அவர், முதலாம் உலகப் போரில் பிரான்சில் காயமுற்றோரை ஏற்றும் வண்டி ஓட்டினார். ஓய்வு வேளையில், குளிரில், வைக்கோற் குவியலே மேசையாகக் கணக்கிட்டார். 1917-இல் ஏட்டுப்பிரதி காணாமற்போய், சில மாதங்களின் பின் பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலின் அடியில் அகப்பட்டது.

விடை என்ன? ஆறு மணி நேரத்தில் அமுக்கம் 145 மில்லிபார் உயரும் என்றது கணக்கு. உண்மையில் அன்று அவ்விடத்தில் அமுக்கம் பெரும்பாலும் அசையவே இல்லை. இத்தோல்வியை அவர் மறைக்கவில்லை. 1922-இல் வெளிவந்த தம் நூலில் அப்படியே அச்சிட்டு, தொடக்கத்தில் இட்ட காற்றின் அளவைகளே பிழைக்குக் காரணமென்றார்.

அது சரியே. ஓரிடத்து அமுக்கம் என்பது அதன் தலைக்கு மேலுள்ள காற்றின் பாரம். அங்கு வந்து சேரும் காற்றும் வெளியேறும் காற்றும் மிகப் பெரியவை. அவற்றின் வேறுபாடோ மிகச் சிறிது. இலட்சக்கணக்கில் வரவும் செலவும் உள்ள வணிகன் சில நூறு ரூபாய் இலாபத்தைத் தேடும்போது, வரவில் ஒரு சிறு பிழை புகுந்தாலும் இலாபம் தலைகீழாகிவிடும் அன்றோ? அமுக்கத்தையும் காற்றையும் தனித்தனியே கட்டங்களில் இட்டமையால் அவை ஒன்றோடொன்று இணங்கவில்லை. பொய்யான அலைகள் எழுந்தன. கணநேரத்து அலையின் வேகத்தை ஆறு மணிக்கும் நீட்டியதால் பிழை மலையாயிற்று.

அயர்லாந்து அறிஞர் பீற்றர் லிஞ்ச் அதே 1910-ஆம் ஆண்டு அளவைகளை இணக்கப்படுத்தி, அதே முறையில் மீண்டும் கணித்தார். அமுக்க மாற்றம் ஒரு மில்லிபார் அளவுக்குச் சுருங்கிவிட்டது. 2006-இல் வெளியான அவருடைய நூலில் இது விரிவாக உள்ளது.

1950-இல் சார்ணி, பியோர்ட்டொப்ற், வொன் நொய்மன் ஆகியோர் அமெரிக்காவின் எனியாக் கணிப்பொறியில், அவ்வலைகளுக்கு இடமே தராத எளிய சமன்பாட்டைக் கொண்டு வெற்றிகண்டனர். 1953-இல் காலமான றிச்சார்ட்சன் அச்செய்தியை அறிந்திருந்தார். கட்டங்களை நிரப்பும் வேலைக்கு 1955-இல் பெர்க்தொர்சன், டூஸ் என்னும் இருவர் ஸ்டொக்ஹோமில் புதுவழி கூறினர்: முந்திய கணிப்பையே முதலிற் பலகையில் இட்டு, அருகிலுள்ள நிலையங்களின் அளவைகளால், தூரத்துக்கேற்ற மதிப்புக் கொடுத்து, அதனைத் திருத்துக என்றனர். நிலையங்களே அரிதான அத்திலாந்திக் கடலின் மேலும், அதன் பின், கட்டங்கள் வெறுமையாக நிற்கவில்லை.