'ளாத்' எழுத்தும் தமிழ் ளகரமும்: ஆரியசாலையை முன்வைத்து ஓர் ஒலி வரலாறு

திருவனந்தபுரத்து ஆரியசாலை, சாலைக் கடைத்தெருவை அடுத்து அமைந்துள்ளது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாசர் அமைத்த அவ்வணிகத் தெருவில் தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கி வருகின்றன. 1956 நவம்பர் 1இல் மாநில எல்லைகள் மாறிய பின்னரும் இந்நிலை நீங்கவில்லை. இவ்விரு மொழி பேசும் இசுலாமியரின் வழக்கிலும் ஓர் அரபு எழுத்து ஒரே வகையாக ஒலிக்கப்பட்டு வந்துள்ளது. அது 'ளாத்' என்னும் எழுத்தாகும்.

அரபு நெடுங்கணக்கின் 28 எழுத்துகளுள் இது 15ஆவது. 'ஸாத்' எழுத்தின் மேல் ஒரு புள்ளி இட்டால் இது கிடைக்கும். சொல்லின் முதல், இடை, கடை ஆகிய நிலைகளுக்கேற்ப இதன் வடிவம் சிறிது மாறும். எனவே இதனைப் படித்தலும் எழுதுதலும் எளிது, ஒலித்தலே அரிது. அரபு மொழிக்கு 'ளாத்தின் மொழி' என்றே ஒரு பெயருண்டு. திருக்குர்ஆனின் முதல் அத்தியாயத்து இறுதி வசனத்தில் இவ்வெழுத்து இருமுறை வருதலால், தொழுகை பயிலும் சிறார் தொடக்கத்திலேயே இதனை எதிர்கொள்கின்றனர்.

கடமையைக் குறிக்கும் சொல் தமிழில் 'பர்ளு' என்றும், தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவுதல் 'உளு' என்றும் வழங்கும். நோன்பு மாதம் 'ரமளான்', 'ரமழான்' என எழுதப்பெறும். மலையாளத்திலும் இச்சொற்கள் ளகரமே பெறுகின்றன. பாரசீக வழியாக வந்த வடபுல வழக்கோ 'ரம்ஜான்', 'காஜி' என அமைந்துள்ளது. அரபுத்தமிழிலும் அரபு மலையாளத்திலும் 'ளாத்' வடிவின்கீழ்ப் புள்ளியிட்டு ளகரத்தைக் குறித்தமையும் இங்கு எண்ணத்தக்கது.

இன்று பரவலாகக் கேட்கப்படும் அரபு ஒலிப்பு, அழுத்தமான டகரத்தை ஒத்தது. ஆகவே, ளகர ஒலிப்பைத் தென்னாட்டார் பிழை எனக் கருதுவாருமுளர். ஆயின் டகரம் தமிழில் உண்டு. மூல ஒலி அதுவேயாயின் ளகரத்தை நாட வேண்டியதில்லை.

8ஆம் நூற்றாண்டு இலக்கணியான சீபவைஹி, நாவின் பக்க விளிம்பு கடைவாய்ப் பற்களை அடுத்துப் பொருந்த இவ்வொலி பிறக்கும் என்றார். லகர, ளகரங்களின் பிறப்பைக் கூறும் தொல்காப்பியரும் நாவிளிம்பு வீங்குதலைச் சுட்டுவர். இரு விளக்கங்களும் முற்றும் ஒன்றல்ல. எனினும் நாவிளிம்பின் தொழில் இரண்டிற்கும் பொதுவாம்.

பிறநாட்டுச் சான்றுகளும் இதற்கு அரண் செய்கின்றன. கி.மு. 7ஆம் நூற்றாண்டு அசீரியக் கல்வெட்டு, 'ருளா' என்னும் அரபுத் தெய்வத்தை 'ருல்தாயு' என்கிறது. நீதிபதியைக் குறிக்கும் அரபுச் சொல் எசுப்பானியத்தில் 'அல்கால்தே' ஆயிற்று. மனநிறைவைக் குறிப்பது மலாயில் 'ரெலா' ஆயிற்று. இவையனைத்திலும் லகரச் சாயல் எஞ்சியுள்ளது.

ஒரு தடை எழலாம். 'ளுஹர்' என்னும் நண்பகல் தொழுகைப் பெயரில் வருவது 'ளாத்' அன்று, வேறோர் எழுத்து. அரபுப் பேச்சுவழக்குகள் பலவற்றில் அவ்விரண்டும் ஒன்றாயின. மலாயிலும் அத்தொழுகை 'லொஹோர்' எனப்படுகிறது. ஆகவே இத்தடை மேற்கண்ட கருத்தை மறுப்பதாகாது.

எனவே, ளகர ஒலிப்பைச் சிதைவு எனத் தள்ளுதல் பொருந்தாது. கடல்வழித் தொடர்பில் செவிவழி வந்த பழைய அரபு ஒலியொன்றின் சுவடாக அதனைக் கொள்ளுதலே தகும். 'ரமதான்' எனத் திருத்தி எழுதும் இக்காலத்து, 'பர்ளு', 'உளு' முதலிய பழைய எழுத்துமுறைகளை உள்ளவாறே பதிவுசெய்தல் தமிழாய்வாளர் கடனாகும்.