வளைவில் ஒரு செட், வீட்டில் ஒரு கம்பி

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். காரில் ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலி செட் இருந்தால், ஒரு வளைவில் சமவெளிப் பேச்சு தெளிவாக விழும். அடுத்த வளைவில் மலை முதுகு மறைத்துக்கொள்ள, இரைச்சல்தான் மிஞ்சும். விஎச்எஃப் எனப்படும் 144–146 மெகாஹெர்ட்ஸ் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. மறைப்பில்லாத 1000 மீட்டர் உயர விளிம்பில் நின்றால் அவற்றின் தொடுவானம் 130 கிலோமீட்டர். மலைமேல் பெரக்கரை நாட்டில் மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் உள்ள வீட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கார் நகர்ந்து நல்ல இடம் தேடிக்கொள்ளும். வீடு என்ன செய்யும்?

அதனால் இந்த மலையைப் பொறுத்தவரை என் கட்சி இது: காருக்கு விஎச்எஃப், வீட்டுக்கு எச்எஃப் எனப்படும் சிற்றலை. எல்லா அலைவரிசையும் உள்ள விலையுயர்ந்த ஒரே செட்டை இரண்டுக்கும் மாற்றி மாற்றிப் பூட்டலாம் என்பார்கள். செட் இரண்டுக்கும் பொருந்தும், ஆன்டெனா பொருந்தாது.

காரில் வேலை சுலபம். கூரை நடுவே அரை மீட்டர் குச்சி ஒன்று போதும். கூரைத் தகடே அதற்குத் தரையாகிவிடும். 50 வாட் செட் பத்து ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். சிகரெட் லைட்டர் துளையை நம்பாமல், பேட்டரியிலிருந்தே ஃபியூஸ் வைத்துத் தனி வயர் இழுக்க வேண்டும். இதே காரில் 7 மெகாஹெர்ட்ஸுக்குச் சுருள் வைத்த குட்டைக் குச்சியும் பூட்டலாம்தான். ஆனால் கொடுக்கும் சக்தியில் பெரும்பகுதி சுருளிலும் தரையிலும் சூடாகிப் போகும்.

வீட்டில் அந்தக் கஞ்சத்தனம் வேண்டாம். மிளகுக் கொடி படரும் சில்வர் ஓக் மரங்கள் இரண்டுக்கு நடுவே, பக்கத்துக்குப் பத்து மீட்டராக மொத்தம் இருபது மீட்டர் செம்புக் கம்பி கட்டினால் 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல் தயார். ஆறேழு மீட்டர் உயரமே போதும். தாழக் கட்டிய கம்பி அலையைச் செங்குத்தாக மேலே அனுப்பும். பகலில் அயனமண்டலம் அதைத் திருப்பிச் சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் இறக்கும். சுற்றியுள்ள மேடுகள் அதற்குப் பொருட்டல்ல. இன்னும் தொலைவுக்கு 14 மெகாஹெர்ட்ஸ் உண்டு. 2004 டிசம்பர் சுனாமியின்போது போர்ட் பிளேயரில் இருந்த ஹாம் பாரதி பிரசாத்தின் குழு வெளியுலகுக்குச் செய்தி கடத்தியது எச்எஃப் செட்டில்தான்.

வீட்டிலும் விஎச்எஃப் வேண்டுமென்றால் கம்பம் உயர வேண்டும், கேபிள் நீளும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். காரின் நாலைந்து மீட்டருக்கு ஆர்ஜி-58 கேபிள் தாராளம். அதையே வீட்டில் 20 மீட்டர் இழுத்தால், 50 வாட்டில் சுமார் 20 வாட்தான் ஆன்டெனாவை எட்டும். ஓட்டை வாய்க்காலில் தண்ணீர் விடுவதுபோல. தடித்த ஆர்ஜி-213 என்றால் 30 வாட்டுக்கு மேல் போய்ச் சேரும். செட்டில் ஒரு படி இறங்கி, மிச்சக் காசைக் கேபிளில் போடலாம்.

காரோ வீடோ, இரண்டுக்கும் முதலில் வேண்டியது உரிமம். பன்னிரண்டு வயது நிரம்பியவர்கள் தேர்வெழுதி, மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையிடம் பெறலாம்.

மின்வெட்டில் கார் கவலைப்படாது. வீட்டுக்கு 12 வோல்ட் பேட்டரி ஒன்று துணைக்கு வேண்டும். கோடை இடி இறங்கும் மாதங்களில் கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள், வானம் கறுப்பதற்கு முன்பே.