வளைந்த குறி, நிமிர்ந்த குறி: யாருடைய குரல் எங்கே தொடங்குகிறது?

சிறுபத்திரிகைகளில் மிக அதிகமாக உழைத்த அச்செழுத்து எது என்று கேட்டால் ஒற்றை மேற்கோள் குறி என்றுதான் சொல்வேன். தொண்ணூறுகளின் இதழ் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். ‘எதார்த்தம்’, ‘மரபு’, ‘தேசியம்’, ‘பெண்மை’ என்று பெரிய சொற்கள் எல்லாம் குறி மாட்டிக்கொண்டே நடமாடும். கிண்டலுக்குச் சொல்லவில்லை. ‘இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறேன், ஆனால் இது என்னுடையதல்ல, இதற்கு நான் ஜவாப்தாரி அல்ல’ என்று சொல்ல அந்தத் தலைமுறைக்கு வேறு கருவி இருக்கவில்லை. மேற்கோள் குறி வெறும் நிறுத்தற்குறி அல்ல. ஒரு பிரதிக்குள் யாருடைய அதிகாரம் எதுவரை செல்லும் என்று வரைகிற எல்லைக் கோடு அது. அப்படிப்பட்ட கோட்டைக் கணிப்பொறி எந்த நியாயத்தில் போடுகிறது என்று நாம் விசாரித்ததே இல்லை. டி.டி.பி. பார்ப்பவர் தலையில் கட்டிவிட்டு மெய்ப்பு பார்க்க உட்கார்ந்துவிட்டோம்.

விசைப்பலகையில் இரட்டை மேற்கோளுக்கு ஒரே விசைதான் உண்டு. அதை அழுத்தினால் கணிப்பொறிக்குப் போவது " என்கிற நிமிர்ந்த குறி. அதற்கு முகமும் இல்லை முதுகும் இல்லை. திறக்கவும் அதுவே, மூடவும் அதுவே. வேர்ட் போன்ற மென்பொருள்கள் பிறகு இதை வளைத்துக் கொடுக்கத் தொடங்கின. ‘ஸ்மார்ட் கோட்ஸ்’ என்று பெயர். அந்தச் சாமர்த்தியம் என்ன என்று பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். நீங்கள் விசையை அழுத்தும் கணத்தில் குறிக்கு இடப்பக்கம் என்ன இருக்கிறது என்று மென்பொருள் எட்டிப் பார்க்கிறது. வெற்றிடமோ, பத்தியின் தொடக்கமோ, திறந்த அடைப்புக்குறியோ இருந்தால் திறக்கும் குறி. எழுத்து இருந்தால் மூடும் குறி. அவ்வளவுதான். யார் பேசுகிறார்கள் என்று அதற்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

பெரும்பாலும் இந்த விதி சரியாகவே வரும். சறுக்கும் இடங்கள்தான் சுவாரசியம். நீண்ட கோட்டை அடுத்து இடைவெளியில்லாமல் ஒருவர் பேசத் தொடங்கினால், தொடங்கும்போதே மூடும் குறி விழுந்துவிடும். ’92 டிசம்பர் என்று எழுத வேண்டும். பத்தொன்பதை விழுங்கிய இடத்தில் வருவது விடுபாட்டுக் குறி, அதாவது மூடும் குறியின் வடிவம். மென்பொருளோ முன்னால் இடைவெளியைப் பார்த்துவிட்டு ‘92 என்று திறந்து வைத்துவிடும். பாபர் மசூதி இடிப்பைப் பற்றிய கட்டுரைகளில் இப்படித் திறந்தே கிடக்கும் குறிகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். (திருத்துவது சுலபம்: விண்டோஸில் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு வலப்பக்க எண் விசைகளில் 0146 அடித்தால் மூடும் ஒற்றைக் குறி விழும். 0145 திறக்கும். 0147, 0148 இரட்டைக்கு.) ஒரு கோப்பு முழுவதிலும் நிமிர்ந்த குறியைத் தேடி, அதே குறியை மாற்றாகக் கொடுத்தால் வேர்ட் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வளைத்துவிடும். ஆனால் வளைப்பது அதே இடைவெளி விதியை வைத்துத்தான்.

இந்த விதிக்கு ஆதாரம் சொற்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் என்பதைக் கவனிக்க வேண்டும். நம் ஓலைச்சுவடியில் அந்த வெற்றிடமே கிடையாது. புள்ளிகூடப் பல சுவடிகளில் கிடையாது. மேற்கோள் குறி எங்கிருந்து வரும்? ஆனாலும் யார் பேச்சு என்ற கேள்வி அங்கே இல்லாமல் இல்லை. சங்கப் பாடல்களுக்கு ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’ என்று குறிப்பு எழுதிவைத்தார்கள். தொல்காப்பியர் தன் கருத்தையும் முன்னோர் கருத்தையும் ‘என்ப’, ‘என்மனார்’ என்று முடித்துப் பிரித்தார். ‘என’ என்ற இடைச்சொல்லுக்கு இடையியலில் தனி இடமே உண்டு. எம்.ஏ. வகுப்பில் இதையெல்லாம் பொருள் வகை என்று மனப்பாடம் செய்தோமே தவிர, தமிழ் தனக்கென்று ஒரு மேற்கோள் குறியை இலக்கணத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. ‘என்று’தான் அந்தக் குறி. ஒரு வித்தியாசம்: அது மூடும், திறக்காது. பேச்சு முடிந்த பிறகுதான் இது இன்னொருவர் பேச்சு என்று தமிழ் வாசகருக்குத் தெரியும். எங்கே தொடங்கியது என்று அவரே பின்னோக்கிப் போய்க் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவாகி இன்றும் புழங்கும் பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பைப் பாருங்கள். மேற்கோள் குறியே இருக்காது. திறக்கும் இடத்தில் ஒரு முக்காற்புள்ளி, மூடும் இடத்தில் ‘என்றார்’. யாருக்கும் குழப்பம் வந்ததாகத் தெரியவில்லை.

ஐரோப்பாவிலும் இந்தக் குறி பேச்சுக்காகப் பிறந்ததல்ல. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியா நூலகத்தில் ஹோமரின் பிரதிகளைச் சரிபார்த்த அரிஸ்டார்க்கஸ், கவனிக்க வேண்டிய வரிகளுக்கு ஓரத்தில் ஈட்டிமுனை போல ஒரு குறி போட்டார். டிப்ளே என்று பெயர். 7ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்து இசிதோர், கிறித்தவ எழுத்தர்கள் இதே குறியை வேதத்தின் சாட்சியங்களைப் பிரித்துக் காட்ட இடுகிறார்கள் என்று எழுதுகிறார். ‘சாட்சியம்’ என்பது அவருடைய சொல்லே. ஆக, குறி முதலில் யார் பேசினாலும் விழவில்லை. அதிகாரம் உள்ள குரலுக்குத்தான் விழுந்தது. 16ஆம் நூற்றாண்டு அச்சுப் புத்தகங்களிலும் அது ஓரத்தில் நின்றது. ஓரத்திலிருந்து வரிக்குள் இறங்கி, திறப்பு மூடலாக இணைபிரியாமல் நிலைபெற்றது பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டில், நாவல் வளர்ந்த காலத்தில். வேலைக்காரியும் வழிப்போக்கனும் அச்சில் நேர்க்கூற்றாகப் பேசத் தொடங்கியபோதுதான் குறி ஜனநாயகமானது என்று சொல்லலாம்.

வடிவமும் இயற்கையானதல்ல. ஈய எழுத்தில் கமாவைத் தலைகீழாகக் கோத்தால் திறக்கும் குறி. பள்ளிக்கூடத்தில் ‘இன்வர்ட்டட் கமா’ என்று நாம் சொன்னதன் பூர்வீகம் அதுதான். ஆங்கிலத்தில் திறக்கும் “ என்ற அதே வடிவம் ஜெர்மனில் மூடும் குறி. அங்கே திறக்கும் குறி வரியின் அடியில் கிடக்கும். ஸ்வீடனில் இரண்டு பக்கமும் மூடும் வடிவமே. திறப்பும் மூடலும் குறியின் உடம்பில் இல்லை, வழக்கத்தில் இருக்கிறது.

ஒரு குறி இருப்பதும் எடுப்பதும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஹைடெக்கரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1927இல் அவர் ‘ஆன்மா’ என்று பொருள்படும் கைஸ்ட் என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் வைத்தே தொடுகிறார். 1933இல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத் தலைவராகப் பதவியேற்று நிகழ்த்திய உரையில் குறிகள் காணாமல் போய்ச் சொல் வெற்றுடம்போடு வருகிறது. நாஜிகள் ஆட்சிக்கு வந்த ஆண்டு அது. இந்தக் குறிகளின் போக்குவரத்தை வைத்தே தெரிதா 1987இல் ஒரு புத்தகம் எழுதினார். குறியைச் சரியாக அச்சிடுவது அச்சகத்து அழகு விவகாரம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

சரி, நிமிர்ந்த குறி எங்கிருந்து வந்தது? தட்டச்சுப்பொறியிலிருந்து. 1870களில் ரெமிங்டன் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த அந்த இயந்திர வகையில் விசைகள் எண்ணப்பட்டவை. நான்கு குறிகளுக்கு நான்கு இடம் கொடுப்பது கட்டுப்படியாகாது. இரண்டையும் நிமிர்த்தி ஒன்றாக்கினால் இரண்டு இடம் மிச்சம். சிக்கனம் செய்த இடத்தில் திசை போயிற்று. அலுவலகத்துக் கடிதத்துக்கு அது பெரிய நஷ்டமில்லை. ஆனால் 1963இல் அமெரிக்கர்கள் ஆஸ்கி என்ற குறிமுறையை வகுத்தபோது, 128 இடங்களே உள்ள அந்தப் பட்டியலில் தட்டச்சுப்பொறியின் சிக்கனத்தை அப்படியே ஏற்றிக்கொண்டார்கள்: 34ஆம் இடம் இரட்டைக் குறிக்கு, 39ஆம் இடம் ஒற்றைக் குறிக்கு. இரும்புக் கம்பிகளின் நெருக்கடி இல்லாத இயந்திரத்துக்குள் இரும்பின் பழக்கம் குடியேறியது இப்படித்தான். நிரல் எழுதுபவர்களுக்கு நிமிர்ந்த குறியே வசதி. வளைந்த குறியைக் கொடுத்தால் நிரல் மக்கர் பண்ணும். யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர்களுக்குப் பொருந்துகிறது.

1970களின் இறுதியில் டொனால்ட் நூத் தன் ‘டெக்’ அச்சுக்கோப்பு நிரலில் வேறு வழி கண்டார். இடப்பக்கம் சாய்ந்த குறியை இருமுறை அடித்தால் திறக்கும், ஒற்றைக் குறியை இருமுறை அடித்தால் மூடும். யூகம் கிடையாது, எழுதுபவரே சொல்ல வேண்டும். எனக்கு உவப்பான தீர்வு இதுதான். மற்றவரின் குரல் எங்கே தொடங்குகிறது என்று தீர்மானிக்கிற பொறுப்பை நிரல் தன் கையில் எடுத்துக்கொள்ளவில்லை.

1984இன் மெக்கின்டாஷ் வளைந்த குறிகளுக்கு இடம் கொடுத்தது. விண்டோஸ் 145 முதல் 148 வரை வேறு இடம் கொடுத்தது. 1987இல் வந்த லத்தீன் எழுத்துகளுக்கான சர்வதேசத் தரத்தில் இடமே இல்லை. ஒரு கணிப்பொறியின் மேற்கோள் இன்னொன்றில் கேள்விக்குறியாகவோ கட்டமாகவோ தெரிந்த கதை இதுதான். 1991இல் வந்த யூனிகோடு நான்கு குறிக்கும் நிரந்தர எண் கொடுத்துச் சண்டையை முடித்தது. முழுவதும் முடியவில்லை. யூனிகோடு கோப்பை விண்டோஸின் பழைய பட்டியலை வைத்துப் படித்தால் வளைந்த குறி ஒன்று மூன்று எழுத்தாகச் சிதறும்: தலையில் தொப்பி வைத்த ஆங்கில ஏ, அடுத்து யூரோ நாணயக் குறி, அதற்கடுத்து இன்னொரு எழுத்து. பேச்சு தொடங்கும் இடமெல்லாம் நாணயம் கொட்டிக் கிடக்கும்.

தமிழில் நடந்தது இதைவிடப் பெரிய கூத்து. தமிழ் எழுத்துருக்கள் ஆங்கிலத்தின் இடங்களில் தமிழை உட்கார வைத்தவை. ஒவ்வொரு நிறுவனமும் தன்னிஷ்டப்படி உட்கார வைத்தது. இடம் பற்றாத நெருக்கடியில் முதலில் வெளியேற்றப்பட்டவை நிறுத்தற்குறிகள். சில எழுத்துருக்களில் மேற்கோளின் இடத்தில் ஓர் உயிர்மெய் இருக்கும். அச்சுக்கோப்பவர் ஒவ்வொரு குறிக்கும் ஆங்கில எழுத்துருவுக்குத் தாவி, குறி போட்டு, திரும்பத் தமிழுக்கு வருவார். ஒரு நேர்காணலுக்கு இருநூறு தடவை இப்படித் தாவியவர்களின் உழைப்பைப் பற்றி எந்தத் தலையங்கமும் எழுதப்பட்டதில்லை. ஸ்மார்ட் கோட்ஸை அணைக்க மறந்தால் இன்னொரு வேடிக்கை: மென்பொருள் தமிழ் எழுத்தையே மேற்கோள் என்று நினைத்து வளைத்துவிடும். தொண்ணூறுகளின் இறுதியில் இணையத் தமிழர்கள் கூடி வகுத்த டிஸ்கி குறிமுறை 145 முதல் 148 வரையிலான நான்கு இடங்களை வளைந்த குறிகளுக்கென்றே விட்டுவைத்தது. 1999இல் அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையிலோ, ஆங்கிலத்தில் ஒற்றைக் குறி இருக்கும் விசை ‘ய’ ஆகிவிட்டது. எழுத்துக்கு அது நியாயமே. மேற்கோளுக்குத்தான் ஷிஃப்ட்டைத் தேட வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் பழங்கதை, இப்போதுதான் யூனிகோடு வந்துவிட்டதே என்பார்கள். எங்கள் கைக்கு வந்திருப்பது அந்தக் காலத்தின் கோப்புகள். நானும் சில நண்பர்களும் பழைய சிறுபத்திரிகைக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். அதில் ஒன்று அச்சுக்குப் போகாமலே நின்றுபோன ஓர் இதழின் கோப்பு. எனவே ஒப்பிட்டுப் பார்க்கப் புத்தகம் கிடையாது. விவசாயக் கூலிப் பெண்கள் சிலரிடம் பேசி ஒருவர் எழுதிய நீண்ட கட்டுரை அது. கோப்பை யாரோ வெறும் எழுத்தாகச் சேமித்ததில் எழுத்துருத் தாவல்கள் அழிந்துவிட்டன. மாற்றியில் போட்டதும் ஒவ்வொரு மேற்கோளும் ஒரு ‘ஞ’ ஆகி நின்றது. திறந்ததும் ‘ஞ’, மூடியதும் ‘ஞ’. உண்மையான ‘ஞ’க்களைச் சொல்லை வைத்து ஒதுக்கிவிடலாம். மீதியை நிமிர்ந்த குறியாக்கி, வேர்ட்டின் விதிப்படி வளைத்தோம். ஆனால் கோப்பு கைமாறியதில் சில குறிகள் முன்பே விழுந்துபோயிருந்தன. ஒன்று விழுந்தால் அதன் துணை எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாது. கூலிக்காரப் பெண்ணின் பேச்சு கட்டுரையாளரின் வாக்கியத்துக்குள் ஓடிக் கலக்கிறது.

நண்பர் ஒருவர் சுலபமாக வழி சொன்னார்: ‘பேச்சுத்தமிழ்ல இருக்கிறது அந்தம்மா பேசினது, எழுத்துத்தமிழ்ல இருக்கிறது எழுதினவர் சொன்னது. அதை வச்சுப் பிரிச்சிடு.’ கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதுவும் ஓர் இடைவெளி விதிதான். கொச்சை வந்தால் திற, இலக்கணம் வந்தால் மூடு. அந்தக் கட்டுரையாளரே நம்மைப் போலப் பேச்சும் எழுத்தும் கலந்து எழுதுகிறவர். அந்தப் பெண்கள் சங்கக் கூட்டங்களுக்குப் போனவர்கள் என்று கட்டுரையே சொல்கிறது. மேடைத் தமிழ் அவர்கள் வாயில் வராதா? கூலி உயர்வையும் நில உரிமையையும் பிரித்துக் காட்டி, முன்னது மட்டும் போதாது என்று தர்க்கமாகச் சொல்லும் ஒரு பத்தி இருக்கிறது. சுத்தமான எழுத்துத்தமிழ். அது யார் சொன்னது? நண்பரின் விதிப்படி கட்டுரையாளர். அனுபவத்தைச் சொல்ல அவர்கள், அதைக் கோட்பாடாக்க நாம் என்ற பழைய வேலைப்பிரிவினையை ஒரு குறியை நகர்த்தி மறுபடி அரங்கேற்றுவதாகிவிடும். 1929இல் வோலோஷினோவ் பிறர் கூற்றைக் கையாளும் முறையில் ஒரு சமூகத்தின் அதிகார உறவுகளைப் படிக்க முடியும் என்று வாதிட்டபோது இப்படிப்பட்ட கோப்புகளை நினைத்திருக்க மாட்டார்.

‘என்று’வைப் பிடித்துக்கொண்டு போனதில் பல இடங்கள் தெளிந்தன. ‘என்றார் அவர்’ என்று முடியும் இடத்தில் மூடும் குறியை நிச்சயமாகப் போட முடிந்தது. திறப்பைப் பின்னோக்கித் தேடினோம், பெரும்பாலும் கிடைத்தது. அந்தப் பத்தியில் ‘என்று’ இல்லை. முன்னாலும் பின்னாலும் ஒற்றை ‘ஞ’ மட்டும், அதுவும் பத்திக்கு நடுவில். அங்கே குறியை வளைக்கவில்லை. நிமிர்ந்த குறியையே அப்படியே விட்டுவைத்து, கோப்பில் இருந்தது இதுதான் என்று அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம். புத்தகமாகப் போடும்போது வடிவமைப்பவர் அதை அச்சுப்பிழை என்று நினைத்து வளைத்துவிடுவார் என்பதால், அவரிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்திருக்கிறோம்.