அறுபதின்பின் உடலோம்பல்: ஒரு கூட்டு முயற்சியின் வரலாறு

உடம்பைப் பேணுதல் தனி மனிதன் ஒருவனுடைய சொந்தக் காரியம் என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். உண்பவன் அவன், நடப்பவன் அவன், பருத்த உடம்பைச் சுமப்பவனும் அவனே. ஆதலால் அறுபது வயதைக் கடந்த ஒருவர் உடற்பருமனைக் குறைத்து நலம்பெற விரும்புவாராயின், அவருக்கு வேண்டுவது மனத்திட்பம் ஒன்றே என்று கூறி அமைந்துவிடுகிறோம். வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதியை உணவின் அளவுக்கே ஒதுக்கினார். ஆகவே, அளவறிந்து உண்ணவேண்டும் என்னும் அறிவு நமக்குப் புதியதன்று. அறிந்ததை நாள்தோறும் கடைப்பிடிப்பது எங்ஙனம் என்பதே அரிய வினா. இவ்வினாவுக்குப் பிறநாட்டு மக்கள் சென்ற நூற்றறுபது ஆண்டுகளில் படிப்படியாகக் கண்டறிந்த விடை ஒன்று உண்டு. அவ்விடை பிறந்த வரலாற்றை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டன் மாநகரிலே வில்லியம் பாண்டிங் என்பவர் வாழ்ந்தார். பிரேதப் பெட்டி செய்வதும், இறுதி ஊர்வலங்களை ஒழுங்கு செய்வதும் அவருடைய குடும்பத் தொழில். அரச குடும்பத்தாரின் இறுதிச் சடங்குகளையும் அக்குடும்பத்தாரே பொறுப்பேற்று நடத்தினர். செல்வமும் மதிப்பும் உடைய அவருக்கு இருந்த பெருங்குறை உடற்பருமனே. 1862ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் அவருக்கு வயது அறுபத்தைந்து. உயரம் ஐந்து அடி ஐந்து அங்குலம். நிறை 202 இறாத்தல். குனிந்து சப்பாத்தின் கயிற்றைக் கட்ட அவரால் இயலவில்லை. மாடிப் படிகளில் இறங்கும்போது, முழங்காலும் கணுக்காலும் அதிர்ச்சி தாங்கமாட்டாமையால், பின்புறமாகத் திரும்பி மெல்ல மெல்ல இறங்குவார். காதும் மந்தமாகத் தொடங்கியது.

அவர் முயலாதிருந்தவர் அல்லர். நண்பரான வைத்தியர் ஒருவரின் சொற்படி பல ஆண்டுகளுக்கு முன்னரே விடியற்காலையில் படகு வலித்தார். தசை வலிமை பெற்றது. அதனுடன் பசியும் பெருகியது. நிறை குறைவதற்குப் பதிலாகக் கூடியது. கடல் நீராடினார், ஊற்று நீர் அருந்தினார், துருக்கிய முறை நீராவிக் குளிப்பும் செய்து பார்த்தார். பயன் யாதும் இல்லை. ஈற்றில், காதின் குறையை முன்னிட்டு வில்லியம் ஹார்வி என்னும் காது வைத்தியரை நாடினார். பாரிசு நகரில் குளோட் பெர்னார்ட் என்னும் அறிஞர், ஈரலுக்கும் உடம்பிலுள்ள சீனிக்கும் உள்ள தொடர்பு பற்றி ஆற்றிய விரிவுரைகளைக் கேட்டறிந்தவர் ஹார்வி. காதின் நோய்க்கும் காரணம் பருமனே என அவர் கருதினார். பாண், வெண்ணெய், பால், சீனி, பியர், உருளைக்கிழங்கு என்னும் ஆறையும் விலக்குமாறு பணித்தார். ஓராண்டு கழிந்தது. 1863 செப்ரெம்பரில் பாண்டிங்கின் நிறை 156 இறாத்தல். நாற்பத்தாறு இறாத்தல் குறைந்துவிட்டது. இடுப்பின் சுற்றளவு பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல் சுருங்கியது. படிகளில் முன்நோக்கி இறங்கினார், காதும் தெளிவுற்றது.

ஹார்வி விதித்த உணவில் இறைச்சியும் மதுவும் தாராளமாகவே இடம்பெற்றன. அதனை அப்படியே பின்பற்றுக என்று இன்றைய வைத்தியர் எவரும் கூறார். வரலாற்று நோக்கில் நமக்கு முக்கியமானது, உடல் இளைத்தபின் பாண்டிங் செய்த காரியமே. 1863ஆம் ஆண்டில் அவர் தம் அனுபவத்தைப் பொதுமக்களுக்கு ஒரு கடிதமாக எழுதி, சிறு நூலாகத் தம் செலவில் அச்சிட்டு, முதற் பதிப்பை இலவசமாகவே வழங்கினார். வண்டிகளிலும் பொதுக் கூட்டங்களிலும் பருத்த மனிதன் எதிர்கொள்ளும் ஏளனப் பார்வையையும், அதற்கு அஞ்சித் தாம் பொது இடங்களைத் தவிர்த்து ஒதுங்கியமையையும் அதில் ஒளிவுமறைவின்றி எழுதினார். பருமனைப் பற்றி வைத்தியர் பலர் அதற்கு முன்னரும் எழுதியிருந்தனர். அதனால் வருந்திய ஒருவரே தம்மைப்போல் வருந்துவோரை விளித்துப் பேசிய குரல் இவ்வளவு தொலைவுக்கு ஒலித்தது இதுவே முதன்முறை எனலாம். ஏடுகள் சில அவரை எள்ளி நகையாடின. ஆயினும் நூல் மீண்டும் மீண்டும் பதிப்பிக்கப்பட்டது; முன்பின் அறியாதோரிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. அவருடைய பெயரே ஆங்கிலத்தில் உடல் இளைப்பதைக் குறிக்கும் வினைச்சொல்லாயிற்று. சுவீடிய மொழியில் இன்றும் அப்பொருளில் அது வழங்குகின்றது. 1878ஆம் ஆண்டில், எண்பது வயதைக் கடந்த பின்னரே அவர் காலமானார்.

பாண்டிங்கின் கடிதம் மனிதரை மனிதரோடு இணைத்தது. ஆயினும் கடிதத்துக்கு ஓர் எல்லை உண்டு. படித்து முடித்தபின் வாசகர் தம் வீட்டில், தம் உணவு மேசையின் முன், தனித்தே இருப்பார். அத்தனிமையைப் போக்கும் வழி தோன்ற மேலும் எண்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் எஸ்தர் மான்ஸ் என்னும் இல்லத்தரசி, தோழியர் மூவருடன் தம் சமையலறை மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரு சங்கத்தைத் தொடங்கினார். குடிப்பழக்கத்தில் வீழ்ந்தோர் ஒருவருக்கொருவர் துணைநின்று மீளும் இயக்கம் ஒன்று 1935 முதல் அந்நாட்டில் வளர்ந்து வந்தது. அம்முறை உணவு விடயத்திலும் ஏன் பயன்படலாகாது என்பதே அவருடைய எண்ணம். அறிவோடு இறாத்தலைக் குறைப்போம் என்னும் பொருளில் பெயர் சூட்டப்பெற்ற அச்சங்கம், இலாப நோக்கற்ற அமைப்பாக நாடெங்கும் கிளைவிட்டது. வாரந்தோறும் கூடுவர், நிறை பார்ப்பர், குறைந்தவரைப் பாராட்டுவர். தொடக்க காலத்துக் கிளைகள் சிலவற்றில், நிறை கூடியவரைப் பன்றியோடு ஒப்பிட்டுக் கேலி செய்யும் வழக்கமும் இருந்தது. ஏளனத்துக்கு அஞ்சி ஒதுங்கியவரை ஏளனத்தாலேயே திருத்த முயன்ற அவ்வழக்கம் பிற்காலத்தில் மறைந்தொழிந்தது. அது மறைந்தது நன்றே.

பதின்மூன்று ஆண்டுகளின் பின், 1961இல், நியூயோர்க் நகரின் குயின்ஸ் பகுதியில் இதே உண்மை மீண்டும் ஒருமுறை கண்டறியப்பட்டது. ஜீன் நிடெச் என்னும் இல்லத்தரசியின் நிறை அப்பொழுது 214 இறாத்தல். அவர் நகராட்சிச் சுகாதாரப் பகுதியினர் நடத்திய பருமன் சிகிச்சை நிலையத்துக்குச் சென்றார். அங்கே தரப்பட்ட உணவு முறை நல்ல முறைதான். நிறையும் சிறிது குறைந்தது. ஆனால் வீட்டில் அழுக்குத் துணிக் கூடைக்குள் பிஸ்கற்றுகளை ஒளித்துவைத்து இரவில் உண்ணும் பழக்கத்தை அவரால் விட முடியவில்லை. சிகிச்சை நிலையத்தில் அதனைச் சொல்லவும் நா எழவில்லை. ஈற்றில் தம்மைப்போற் பருத்த தோழியர் அறுவரை வீட்டுக்கு அழைத்து, அவர்களிடம் அதனைச் சொன்னார். கேட்டவர்கள் நகைக்கவில்லை, தத்தம் ஒளிப்பிடங்களைத் தாமும் சொல்லத் தொடங்கினர். அடுத்த வாரமும் கூடினர்; வந்தவர் வேறு சிலரையும் அழைத்து வந்தனர். 1962ஆம் ஆண்டின் பிற்பகுதிக்குள் நிடெச் எழுபத்திரண்டு இறாத்தல் குறைந்து 142 இறாத்தலை எய்தினார். 1963இல் அக்கூட்டம் ஒரு வணிக நிறுவனமாகப் பதிவுபெற்றது.

நேயர்கள் இவ்விடத்தில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். உணவுப் பட்டியலைத் தந்தது சிகிச்சை நிலையம். அதனைக் கடைப்பிடிக்கும் ஆற்றலைத் தந்தது தோழியர் கூட்டம். அறிவுடையோரிடம் சொல்ல நாணியதை, ஒத்த குறையுடையோரிடம் சொல்ல நாணம் தடுக்கவில்லை. நெடுங்காலம் ஆசிரியத் தொழிலில் ஈடுபட்டோர் இதனை எளிதில் உணர்வர். விளங்கவில்லை என்று ஆசிரியரிடம் கூறத் தயங்கும் மாணவன், பக்கத்திலிருப்பவனிடம் தயங்காது கேட்கிறான். முதியோரும் இதற்கு விலக்கானவர் அல்லர். பிள்ளைகளிடமும் வைத்தியரிடமும் தம் இயலாமையை ஒப்புக்கொள்வது முதுமையில் மேலும் கடினமாகின்றது.

நிடெச் தொடங்கிய நிறுவனம் பெருவணிகமாக வளர்ந்து, 1978இல் வேறொரு பெரிய உணவு நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, பின்னரும் பல கைகள் மாறியது. நிறை குறைக்கும் ஊசி மருந்துகள் பரவிய காலத்தில், 2025ஆம் ஆண்டு மே மாதம், கடன் சுமையால் அது நீதிமன்றப் பாதுகாப்பை நாட நேர்ந்தது. நிறுவனங்கள் உயரும், தாழும். ஒத்தவர் கூடிப் பேசுதல் என்னும் முறையோ எந்த நிறுவனத்துக்கும் உரிய சொத்தன்று.

இனி, அறுபது வயதைக் கடந்தவரின் தனிநிலையைச் சிறிது நோக்குவோம். இளைஞன் ஒருவன் நிறை குறைந்தால் அது பெரும்பாலும் நன்மையே. முதியவர் உணவை மட்டும் குறைத்து இளைப்பாராயின் கொழுப்போடு தசையும் எலும்பின் உறுதியும் சேர்ந்து குறையும். தசை குறைந்தால் எழுவதும் நடப்பதும் தளரும். விழும் ஆபத்து மிகும். இக்காரணத்தால் முதியோரை இளைக்கச் சொல்வதே தகாது என்று கருதிய வைத்தியரும் இருந்தனர். அவ்வையத்தைத் தெளிவித்த ஆராய்ச்சிகள் இரண்டு.

ஒன்று, 1990இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் வெளிவந்தது. முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரங்கள் பாரம் தூக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சியை நிறைவு செய்த ஒன்பதின்மரின் கால் வலிமை சராசரியாக 174 வீதம் உயர்ந்தது. அதாவது முன்னிருந்ததைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேலாயிற்று. முதிர்ந்த தசை இனி வளராது என்னும் கூற்று அத்துடன் பொய்த்தது.

மற்றையது, 2011இல் சென் லூயிஸ் நகர அறிஞர்கள் வெளியிட்டது. அறுபத்தைந்தும் அதற்கு மேலும் வயதுடைய, பருமனால் தளர்ந்த 107 பேரை நான்கு பிரிவாக்கி ஓராண்டு அவதானித்தனர். உணவு மட்டும் குறைத்தோரின் நிறை பத்து வீதம் குறைந்தது. உடலின் இயங்கு திறன் பன்னிரண்டு வீதம் உயர்ந்தது. பயிற்சி மட்டும் செய்தோரின் நிறை மாறவில்லை. இயங்கு திறன் பதினைந்து வீதம் உயர்ந்தது. இரண்டையும் மேற்கொண்டோரின் நிறை ஒன்பது வீதம் குறைந்ததோடு, இயங்கு திறன் இருபத்தொரு வீதம் உயர்ந்தது. தசை இழப்பும், உணவு மட்டும் குறைத்தோருக்கு நேர்ந்ததிலும் குறைவாகவே இருந்தது. நான்காம் பிரிவினர் வழமைபோல் இருந்தனர். அவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. உணவு ஆலோசனை வாரம் ஒருமுறையும் பயிற்சி வாரம் மும்முறையும் குழுவாகவே நடைபெற்றன என்பது நம் பொருளுக்கு இயைபுடைய செய்தி.

கூடிச் செய்யும் பயிற்சிக்கு வானொலி ஆற்றிய தொண்டையும் இங்கே நினைவுகூர்தல் பொருத்தமாகும். யப்பானில் 1928ஆம் ஆண்டு நவம்பரில், தபாற் பகுதியினரின் ஆயுட் காப்புறுதி நிலையத்தார் முன்னின்று, வானொலி வழியே தேகாப்பியாச நிகழ்ச்சி ஒன்றைத் தொடக்கினர். அமெரிக்கக் காப்புறுதி நிறுவனம் ஒன்று நடத்திய வானொலிப் பயிற்சியே அதற்கு முன்மாதிரி. போர்க் காலத்தில் அதனை அரசு மக்களைக் கட்டளைக்குப் பழக்கும் கருவியாகவும் பயன்படுத்தியது. அதனால் போருக்குப் பின் அது நின்றுபோய், 1951இல் புதிய இசையுடன் மறுபிறவி எடுத்தது. இன்றும் காலை ஆறரை மணிக்குப் பூங்காக்களில் முதியோர் கூடி, ஒரு சிறு வானொலிப் பெட்டியைச் சுற்றி நின்று, பியானோ இசைக்கேற்பக் கை கால்களை நீட்டி மடக்குகின்றனர். பத்து நிமிடங்களில் பயிற்சி முடிந்துவிடும். ஒருவர் ஒருநாள் வராவிடின் மற்றவர்கள் காரணம் கேட்பர். எவ்வளவோ முதியோரைப் படுக்கையிலிருந்து எழுப்பி வெளியே கொண்டுவருவது அக்கேள்வியே.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கின், எல்லாக் கூட்டமும் நன்மை பயப்பதன்று என்பதும் விளங்கும். ஏளனம் செய்யும் கூட்டம் மனிதனை ஒளியச் செய்கின்றது. கட்டளையிடும் கூட்டம் அவனைப் பொறியாக்குகின்றது. ஒத்த வயதும் ஒத்த குறையும் உடையோர் சமமாகக் கூடி, உண்மை பேசி, வாராதவரைத் தேடிச் செல்லும் கூட்டமே பயன் தருகின்றது.

அறுபதைக் கடந்த நேயர்கள் முதலில் தங்கள் வைத்தியரைக் காண்பார்களாக. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து உண்போர், நிறை குறையுங்கால் மருந்தின் அளவையும் மாற்றவேண்டி நேரலாம். அதன்பின், அதே தெருவில் அதே தளர்ச்சியோடு இருக்கும் மூவரை அழைப்பார்களாக. மில்வோக்கியில் அன்று மேசையைச் சுற்றி இருந்தவர்களும் நால்வரே.