ஏலம் போகாத உயிர்



"ஏலம்" என்னும் சொல்லுக்கு நம் ஊரில் பொருள் இரண்டு. மலையில் விளைவதும் ஏலம். போடியில் விலை கூறி விற்பதும் ஏலம். இன்று காய் கிலோ என்ன விலை என்று கேட்டால் சிறு பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் அக்காயைப் பறித்த கைகளுக்கு, அக்கைகளுக்குரிய உயிருக்கு, விலை என்ன? இக்கேள்விக்கு நம் மலையின் வரலாறே விடை கூறுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த ஏழை மக்கள் இம்மலைகளில் நடந்தே ஏறினர். குளிரும் அட்டையும் மலைக்காய்ச்சலும் அவர்களை வாட்டின. கையில் ஒரு துணி மூட்டையும் நெஞ்சில் விசுவாசமுமாக ஏறியவர்கள் அவருள் பலர். அவர்களைத் தேடி மறைப்பணியாளரும் வந்தனர். ஸ்பெயின் நாட்டுக் கார்மேல் துறவி அல்போன்சு அடிகளார் 1898-இல் மூணாற்றில் கார்மேல் அன்னைக்கு ஆலயம் கண்டார்.

அந்நாளில் மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள் குண்டளைச் சிறு ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, கம்பி வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடி வந்து சேரும். 1924 ஜூலையில் பெய்த பெருமழை அந்த ரயில் பாதையை அடியோடு அரித்துச் சென்றது. பாதை மீண்டும் எழவே இல்லை; ஆனால் மக்கள் எழுந்தார்கள். 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதன் தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950-களில்தான் திரும்பி வந்தன. அகலப் பாதைக்காக 2010 இறுதியில் நின்ற ரயில், 2023 ஜூன் மாதம் மறுபடியும் போடிக்கு வந்தது. போனது திரும்பும் என்று காத்திருக்க நம் ஊரார் நன்கு கற்றவர்கள்.

ஆனால் திரும்பி வராத இழப்புகளும் உண்டு. 2020 ஆகஸ்டு 6. ஆண்டவர் மலைமேல் உருமாறிய திருநாள். அன்றிரவு ராஜமலைப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. உறங்கிக் கொண்டிருந்த 70 பேர் மாண்டனர். நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. பலர் கயத்தாறு வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட நம் தமிழ்த் தொழிலாளிகள். "கடவுள் எங்கே இருந்தார்?" என்று நெஞ்சு கேட்கத்தான் செய்யும். அப்படிக் கேட்பது பாவமன்று. சிலுவையில் தொங்கிய நம் ஆண்டவரும் கேட்டார். மழையிலும் சேற்றிலும் நாள்கணக்காக நின்று, சாதி மதம் பாராமல் உடல்களைத் தேடியெடுத்தவர்களிடம் அவரையே காண்கிறோம்.

மண் சரியாமலும் மனிதன் சரிவதுண்டு. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அதை நம்பிக் கடன் வாங்கித் தோட்டம் பிடித்தவர் எத்தனையோ பேர். மூன்றாண்டுகளுக்குள் அதே காய் 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. காயின் விலை இறங்கியபோது, தம் உயிரின் விலையும் இறங்கிவிட்டதாக எண்ணிக் கலங்கியோர் உண்டு. சகோதரனே, சகோதரியே, அது பொய்! காசுக்கு இரண்டு விற்கும் சிட்டுக்குருவியையும் மறவாத தந்தை உன்னை மறப்பாரா?

பறித்த பச்சைக்காயை அப்படியே குவித்து வைத்தால் அழுகிவிடும். ஸ்டோரில் ஒரு நாள் அளவுக்கு மிதமான சூட்டில் உலர்ந்த பின்னரே அது நிறமும் மணமும் கெடாமல் நிற்கிறது. சூடு மிகுந்தாலோ காய் வெடித்துவிடும். ஆகவே அருகிலிருந்து ஒருவர் இரவெல்லாம் பார்த்துக் கொள்கிறார். துன்பமும் அத்தகையதே. அதில் நம்மைத் தனியே விடாமல் விழித்திருப்பவர் ஆண்டவர். அவருக்காக விழித்திருக்க வேண்டியவர்கள் நாம்.

ஆதலால் இந்த யூபிலி ஆண்டில் ஒரு தீர்மானம் செய்வோம். அதிகாலை ஜீப்பில் மலையேறும் தாய்மாரை நம் செபமாலையில் நினைப்போம். கடனால் முகம் வாடியவர் வீட்டுக்கு நாமே சென்று கதவைத் தட்டுவோம். மனம் உடைந்தவர் தனித்திராமல் பங்குத் தந்தையிடமோ அடுத்த வீட்டாரிடமோ வாய்திறந்து சொல்லட்டும். கேட்க நாம் இருப்போம். காய் ஏலம் போகட்டும். உயிர் ஏலம் போவதற்கில்லை. அதன் விலை கல்வாரியில் ஏற்கெனவே செலுத்தப்பட்டுவிட்டது.