கைவழி வந்த கண்ணாடி

சிங்கப்பூர்த் தீவின் வடகரையில், ஜொகூர் நீரிணையை நோக்கி அமைந்த ஊர் செம்பவாங். 1938ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 14ஆம் நாள், ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் தாங்கிய கப்பல் பழுதுபார்க்கும் துறை இங்குத் திறந்துவைக்கப்பட்டது. பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையினராய்ப் பணிபுரிந்தனர். 1968இல் அத்துறை சிங்கப்பூர் அரசின் பொறுப்புக்கு வந்து, செம்பவாங் கப்பல் பட்டறையாக மாறியது. இரும்பை அறுத்தல், பற்றவைத்தல், கொதிகலனைச் செப்பனிடல் ஆகிய தொழில்களை அங்கு இளையோர் மூத்தோரின் அருகில் நின்று பழகினர். ஏட்டில் படித்தது பாதியென்றால், கண்டும் செய்தும் பழகியது மறுபாதி.

அந்நீரிணையின் கரைகளுக்கு இரும்பைக் காட்டிலும் தொன்மையான கைவினை ஒன்றோடும் உறவு உண்டு. அதுவே கண்ணாடிக் கைவினை. செம்பவாங் துறை திறக்கப்படுவதற்கு ஓராண்டுக்கு முன், 1937இல், ஜொகூரில் சுங்க அலுவலராய் இருந்த ஜெரால்டு கார்டனர் என்னும் ஆங்கிலேயர் ஒரு கட்டுரை வெளியிட்டார். நீரிணையின் கீழ்த்திசையில் கடலோடு கலக்கும் ஜொகூர் ஆற்றங்கரையில் கிடைத்த பழைய மணிகளைப் பற்றியது அது. அம்மணிகள் மலாயாவுக்கும் உரோமப் பேரரசுக்கும் இடையிலான கடற்றொடர்புக்குச் சான்று என்று அவர் கருதினார். ஆனால் தென்கிழக்காசிய மண்ணில் கிடைக்கும் கண்ணாடி மணிகளைப் பற்றிய பிற்கால ஆய்வுகள், உரோமை நோக்கிய பார்வையைத் தமிழகத்தின் பக்கம் திருப்பின. சின்னஞ்சிறு மணிகளை யார் செய்தனர், அச்செய்முறை எவ்வாறு கடல் கடந்தது என்னும் வினாக்கள் எழுந்தன.

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் உள்ளது அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழாய்வு நடத்தினார். 1947 முதல் 1950 வரை ழான் மரி கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அப்பணியைத் தொடர்ந்தனர். உரோம நாட்டு மதுச்சாடிகளும், அரிட்டைன் என்னும் செம்மட்கலங்களும், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் அங்குக் கிடைத்தன. அவற்றோடு கண்ணாடி மணிகளும், மணி செய்கையில் கழிந்த குழாய்த் துண்டுகளும் ஏராளமாய்க் கிடைத்தன. கழிவு கிடைக்கும் இடமே தொழில் நடந்த இடம் என்பது தொல்லியலின் எளிய விதி. ஆகவே அரிக்கமேடு மணிகளை விற்ற ஊர் மட்டுமன்று. அவற்றைச் செய்த ஊருமாகும்.

மணிகளை ஆராய்வதற்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ். ஒரே நிறமும் சிற்றளவும் கொண்டு, குழாயாய் இழுத்து நறுக்கிச் செய்யப்பட்ட இம்மணிகளுக்கு 'இந்தோ பசிபிக் மணிகள்' என்று பெயரிட்டவர் அவரே. கிழக்காப்பிரிக்கக் கரை முதல் கொரியா, ஜப்பான் வரை இவை கிடைக்கின்றன. செம்பினால் செங்கல் நிறம் பெற்ற மணிகள் இவற்றுள் பெயர் பெற்றவை. இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் குலோங் தோம், வியட்நாமின் ஓக் இயோ, மலேசியாவின் கோலா செலின்சிங், சுங்கை மாஸ் ஆகிய இடங்களில் மணிகள் மட்டுமின்றி, அவை செய்யப்பட்டதற்கான தடயங்களும் கிடைத்திருக்கின்றன. பண்டம் மட்டும் கப்பலேறவில்லை. அதைச் செய்யத் தெரிந்த கைகளும் கப்பலேறின என்பது பிரான்சிசின் முடிபு.

இம்முடிபுக்கு வலுவூட்டும் சான்று ஒன்று தாய்லாந்தில் உண்டு. குலோங் தோம் பகுதியில் உள்ள ஒரு மேட்டுக்கு அந்நாட்டு மக்கள் 'குவான் லுக் பட்' என்று பெயர் வைத்திருக்கின்றனர். மணிமேடு என்பது அதன் பொருள். அங்கே கிடைத்த சிறிய உரைகல் ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்தில், தமிழ் மொழியில் 'பெரும்பதன் கல்' என்று பொறிக்கப்பட்டுள்ளது. பெரும்பதன் என்னும் பொற்கொல்லனுடைய கல் என்று அறிஞர் பொருள் கூறுவர். கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது அது. அரசன் வெட்டுவித்த மெய்க்கீர்த்தி அன்று. தன் கருவி பிறர் கருவியோடு கலந்துவிடலாகாது என்று கருதிய தொழிலாளி ஒருவன் இட்ட அடையாளம். மணி செய்த ஊரில், தமிழ்க் கைவினைஞன் ஒருவன் வாழ்ந்து தொழில் புரிந்தான் என்பதற்கு இதனினும் நேரிய சான்று வேண்டுவதில்லை.

அம்மணியைச் செய்யும் முறை எளிதன்று. உருகிய கண்ணாடியைக் கனத்த இரும்புக் குழலின் நுனியில் திரட்டிக் கூம்பாக உருவாக்குவர். கூம்பின் நடுவே துளை உண்டாகுமாறு கம்பியைச் செலுத்துவர். பின் அதை உலைவாயில் வைத்து, கொக்கியால் முனையைப் பற்றி மெல்ல இழுப்பர். இழுக்க இழுக்க, நடுவில் துளையோடு கூடிய மெல்லிய குழாய் மணிக்கணக்கில் நீண்டு வரும். அக்குழாய்களைத் துண்டாக்கிக் கத்தியால் சிறிது சிறிதாக நறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாதவாறு சாம்பலில் புரட்டி மீண்டும் சூடேற்றினால், கூரிய விளிம்புகள் மழுங்கி மணிகள் உருண்டை வடிவம் பெறும். இழுப்பவன் விரைந்தால் குழாய் அறும், தாமதித்தால் தடிக்கும். அந்த நடுநிலையை எந்த அளவுகோலும் காட்டுவதில்லை. கைதான் அறிய வேண்டும்.

அரிக்கமேட்டுக் கைவினைஞர் எழுதிவைத்த செய்முறை நூல் ஏதும் கிடைக்கவில்லை. அவர்தம் அறிவு தந்தையிடமிருந்து மகனுக்கு, மூத்தவனிடமிருந்து இளையவனுக்குக் கைவழியாகவே சென்றது. அவ்வழி அறுந்தபோது, அரிக்கமேட்டில் அறிவும் உலையோடு அவிந்தது. எஞ்சியவை கழிவுத் துண்டுகள் மட்டுமே. அவற்றுக்கு விளக்கம் எங்கே கிடைத்தது? ஆந்திர மாநிலத்தில், திருப்பதிக்கு அருகிலுள்ள பாபாநாயுடுபேட்டை என்னும் சிற்றூரில் கிடைத்தது. அங்கே 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் உலைகள் எரிந்தன; குழாய்கள் இழுக்கப்பட்டன. அவ்வூரார் செய்வதைக் கண்ட பின்னரே, அரிக்கமேட்டுத் துண்டுகள் எவ்வாறு உண்டாயின என்பதை ஆய்வாளர் தெளிவாக உணர்ந்தனர். இரண்டாயிரம் ஆண்டுப் புதிரை விடுவித்தது நூலகம் அன்று. உலைமுன் அமர்ந்த தொழிலாளியின் கை.

கண்ணாடியை ஊதிக் கலமாக்கும் முறை இதனின் வேறானது. கி.மு. முதல் நூற்றாண்டில், மத்தியதரைக் கடலின் கீழ்க்கரை நாடுகளில் அது தோன்றியது. அதுவரை செல்வர் வீட்டுப் பொருளாய் இருந்த கண்ணாடிக் குப்பி, ஊதுகுழல் வந்தபின் எளியோர் வீட்டிற்கும் வந்தது. பிற்காலத்தில் வெனிஸ் நகர ஆட்சியினர் 1291இல் கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு மாற்றினர். தீ அச்சம் ஒரு காரணம். ஆயினும், தொழில்நுட்பம் வெளியே செல்லாதவாறு காப்பதற்கும் அத்தீவு உதவியது. கைவினைஞர் பிற நாடுகளுக்குச் செல்வதை அரசு தடை செய்தது. மறைத்து வைத்தமையால் வெனிஸ் பெருஞ்செல்வம் ஈட்டியது உண்மை. எனினும் தப்பிச் சென்ற சிலரால் அத்தொழில் ஐரோப்பா எங்கும் பரவியதும் உண்மையே.

தொழிற்சாலைகள் பெருகிய காலத்தில் வேறொரு தடை எழுந்தது. கண்ணாடி ஊதுதல் பெரிய உலையும் பலர் கூடிய குழுவும் உடைய ஆலைக்கே உரியது என்ற எண்ணம் வேரூன்றியது. தனி ஒருவர் தம் விருப்பத்திற்காக அதைக் கற்கலாம் என்று பெரும்பாலோர் எண்ணவில்லை. அவ்வெண்ணத்தை மாற்றியவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மட்கலக் கலை கற்பித்த ஹார்வி லிட்டில்டன். 1962ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஒஹாயோ மாநிலத்து டொலிடோ கலைக்கூடத்தின் வளாகத்தில் இருந்த வண்டிக்கொட்டகை ஒன்றில், சிற்றுலை அமைத்துப் பயிற்சி வகுப்பு நடத்தினார்.

அவ்வகுப்பின் தொடக்கம் தோல்வியாகவே அமைந்தது. மூலப்பொருள்களைக் கலந்து உருக்கிய முதற் கண்ணாடி பயன்படவில்லை. கண்ணாடி இழை ஆய்வில் வல்லவரான டொமினிக் லபினோ உலையை மாற்றியமைக்க வழி சொன்னார். இழை செய்வதற்கென உருவாக்கப்பட்ட கண்ணாடிக் கோலிகளைக் கொண்டுவந்து உருக்கச் செய்தார். கண்ணாடி உருகியது, ஆனால் ஊதத் தெரிந்தவர் இல்லை. வந்திருந்தோர் கற்றவர், கலைஞர், ஆசிரியர். ஊதுகுழல் அவர்தம் கைக்கு வசப்படவில்லை. அப்போது லிபி கண்ணாடி ஆலையில் உழைத்து ஓய்வுபெற்ற ஹார்வி லீஃப்கிரீன் என்னும் முதியவர் வந்து, குழலை எடுத்து ஊதிக் காட்டினார். பட்டம் பெற்றோர் நடுவே ஆசிரியராய் நின்றவர் அந்த ஆலைத் தொழிலாளியே. அதே ஆண்டு ஜூன் திங்களில் இரண்டாம் வகுப்பு நடைபெற்றது. பின்னர்ப் பல்கலைக்கழகங்களில் கண்ணாடிக்கலை பாடமாயிற்று. இன்று உலகின் பல நகரங்களில் விருப்பத்திற்காகக் கண்ணாடி ஊதக் கற்போர் யாவரும் அக்கொட்டகையின் வழித்தோன்றல்களே எனலாம்.

புதிதாய்க் கற்பவர் முதலில் கற்பது ஊதுதல் அன்று, சுழற்றுதல். ஏறத்தாழ 1,100 பாகை செல்சியசில் உருகிக் கிடக்கும் கண்ணாடியைக் குழல் நுனியில் சுற்றி எடுத்த நொடி முதல், குழலை ஓயாது உருட்டிக்கொண்டிருத்தல் வேண்டும். நிறுத்தினால் கண்ணாடி ஒரு பக்கமாய்ச் சரிந்து வழியும். பாகு காய்ச்சும் தமிழ்ப் பெண்மணி கம்பிப் பதத்தையும் உருட்டுப் பதத்தையும் கண்ணாலும் விரலாலும் அறிவதுபோல, கண்ணாடியின் பதத்தை அதன் நிறத்தாலும் அசைவாலும் அறிதல் வேண்டும். வெம்மை மிக்கது ஒளிர்ந்து தளரும். ஆறியது மங்கி விறைக்கும். இரும்புப் பலகையில் உருட்டிப் புறத்தைச் சமன் செய்து, குழலில் சிறிதே ஊதி, அதன் வாயை விரலால் அடைத்தால், உள்ளே சிறைப்பட்ட காற்று வெம்மையால் விரிந்து குமிழாகும். வலிந்து ஊதுவதால் பயனில்லை என்பதை முதல் நாளிலேயே மாணவர் உணர்வர்.

கலம் உருவானபின்னும் பாடம் முடிவதில்லை. குளிர்ந்த காற்றில் வைத்தால், புறம் விரைவில் ஆறி இறுக, அகம் வெம்மையோடு நிற்க, இரண்டுக்கும் இடையே எழும் இழுவிசையால் கலம் வெடிக்கும். ஆதலின் ஏறத்தாழ 500 பாகை வெம்மையுள்ள ஆற்றுலையில் வைத்து, பல மணிநேரம் சிறிது சிறிதாகக் குளிரவைப்பர். அன்று செய்ததை மறுநாளே கையில் எடுக்க இயலும். தொடக்க நாள்களில் கோணலான கிண்ணமும் தரையில் சிதறிய துண்டுமே மாணவரின் ஊதியம். அத்துண்டுகளும் வீண்போவதில்லை. தூயவை மீண்டும் உலைக்குச் சென்று உருகும். பிழையைத் தன்னுள் உருக்கிக்கொண்டு மறுவாய்ப்பு அளிக்கும் பொருள் கண்ணாடி.

சிங்கப்பூரின் மண்ணிலும் இவ்வரலாற்றின் சுவடு உண்டு. 1984இல் ஜான் மிக்சிக் தலைமையில் கென்னிங் கோட்டைக் குன்றில் தொடங்கிய அகழாய்வுகளில், 14ஆம் நூற்றாண்டின் சீன மட்கலத் துண்டுகளோடு கண்ணாடி மணிகளும் கண்ணாடித் துண்டுகளும் வெளிப்பட்டன. ஜொகூர் ஆற்றங்கரை மணியும், குன்றின் கண்ணாடித் துண்டும், செம்பவாங் துறையின் இரும்பும் காலத்தால் வேறுபட்டவை. ஆயினும் கடல் கடந்துவந்த கைகளின் உழைப்பைக் கூறுவதில் அவை ஒன்றே.

இவ்வரலாறு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உணர்த்துவது தெளிவு. அரிக்கமேட்டில் தொழில் அவிந்தது, அறிவு குறைந்தமையால் அன்று. ஏற்றுக்கொள்ளும் அடுத்த கை இல்லாமையால். டொலிடோவில் அது மீண்டும் தளிர்த்தது, நூலறிவு மிக்கமையால் அன்று. முதியவர் ஒருவர் குழலை நீட்ட, இளையோர் நாணாது பெற்றுக்கொண்டமையால். தாய்நாட்டிலிருந்து தொலைவில், சிறு தொகையினர் பேசும் மொழிக்கும் இதுவே விதி. பேழையில் பூட்டி வைத்தால் மணி ஒளி மங்காமல் இருக்கலாம்; மணி செய்யும் கலை அவ்வாறு நில்லாது. அது பிழைபடச் செய்யும் புதிய கைகளைப் பொறுத்துக்கொள்ளும் இடத்தில்தான் வாழும்.