ஒரு மாளிகையும் நூறு மனிதரும்

பழம்பெரும் நகர்களில் வீடு விற்போர் தரும் விளம்பரங்களுக்குத் தனியொரு நடை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகையில் அமைந்த அடுக்ககம், உயர்ந்த மேற்கூரை, நெடிய சாளரங்கள், கலைநயம் மிக்க சுதைவேலைப்பாடு, சலவைக்கல் கணப்பு என்று அவை அடுக்கிச் சொல்லும். அச்சுவர்களுக்குள் வாழ்ந்து மறைந்தவர்கள் யார் என்பதை மட்டும் சொல்வதில்லை. அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில், ஹென்ரியெட்டா தெருவின் 14ஆம் இலக்க வீடு அதைச் சொல்கிறது. அதன் வரலாறு நம் சிந்தனைக்குரியது.

1740களின் இறுதியில் லூக் கார்டினர் என்பவர் அவ்வீட்டைக் கட்டினார். முதலில் அங்குக் குடியேறியவர் படைத்தலைவர் மோல்ஸ்வொர்த் பிரபு. அதே தெருவில் பாராளுமன்ற உறுப்பினரும், அரசுத் திருச்சபையின் பேராயரும் வாழ்ந்தனர். அந்நாளில் அந்நாட்டு மக்களுள் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஆயினும், 1704ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்கள் நிலம் வாங்க இயலாது. முப்பத்தோர் ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகையும் பெற இயலாது. பாராளுமன்றத்தின் வாயிலும் அவர்களுக்கு அடைபட்டிருந்தது. அம்மாளிகையின் முன்வாசல் யாருக்குத் திறந்திருந்தது என்பதை இனி விளக்க வேண்டுவதில்லை.

1801இல் பிரிட்டனுடன் ஏற்பட்ட இணைப்பால் டப்ளின் பாராளுமன்றம் மறைந்தது. பிரபுக்கள் இலண்டனை நாடினர். வழக்கறிஞர்கள் அத்தெருவுக்கு வந்தனர். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். கடனில் மூழ்கிய பெருநிலங்களை விற்பதற்கென ஒரு நீதிமன்றம் நிறுவப்பட்டது. 1850 முதல் அது செயல்பட்டதும் இதே 14ஆம் இலக்க வீட்டில்தான். பிரபுக்களின் விருந்துக் கூடங்கள் இருந்த வீட்டில் பிரபுக்களின் நிலங்கள் ஏலம் போயின!

1876இல் வீடு தாமஸ் வான்ஸ் என்பவரின் கைக்கு மாறியது. அவர் பெரிய மாடிப்படியைப் பெயர்த்தெடுத்தார். கூடங்களைத் தடுத்துக் குடியிருப்புகளாக்கினார். மறு ஆண்டே நாளிதழில் விளம்பரம் வெளிவந்தது. மதிப்பிற்குரிய குடும்பங்களுக்கு வாடகைக்கு உண்டு என்றும், புதிதாய் வண்ணம் பூசப்பட்டது என்றும், எரிவாயு விளக்கும் குழாய்நீரும் உள்ளன என்றும் அது கூறிற்று. பொய்யேதும் அதில் இல்லை எனலாம். ஆனால் காலம் செல்லச் செல்ல அறைகள் மேலும் பிரிக்கப்பட்டன. வாடகை ஒன்றே கணக்காயிற்று. 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அவ்வொரு வீட்டில் 17 குடும்பங்களைச் சேர்ந்த 100 பேர் வாழ்ந்தனர். கூலியாட்கள், தச்சர், தையற்காரர், தபால்காரர், பள்ளிச் சிறார் எனப் பலரும் அவர்களுள் இருந்தனர்.

இத்தகைய வீடுகள் நகரெங்கும் பெருகின. 1913 செப்டம்பர் 2 அன்று சர்ச் தெருவில் இரண்டு வீடுகள் இடிந்து வீழ்ந்தன. எழுவர் மாண்டனர். யூஜின் சாமன் என்ற 17 வயது இளைஞன் தன் உடன்பிறந்தோரைக் காப்பாற்றினான். கடைசித் தங்கையையும் மீட்க உள்ளே சென்றவன் அவளோடு உயிர்விட்டான். அதன்பின் நடந்த விசாரணையின் அறிக்கை 1914இல் வெளிவந்தது. 20,108 குடும்பங்கள் ஒற்றையறையில் வாழ்ந்து வந்ததை அது நாட்டுக்கு உணர்த்தியது.

அவ்வறிக்கை மற்றோர் உண்மையையும் வெளிக்கொணர்ந்தது. அவ்வீடுகளின் உரிமையாளருள் நகர மன்ற உறுப்பினர் சிலரும் இருந்தனர். அப்போது அம்மன்றத்தில் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் நிலம் வாங்கும் உரிமை மறுக்கப்பட்டவர்களின் வழிவந்தோர், உரிமை கிடைத்தபின் அதை எவ்வாறு பயன்படுத்தினர்? அடக்குமுறை மாற்றார் செய்யும் தவறு மட்டுமன்று. சாவி எவர் கைக்கு வருகிறதோ, அவர் மனச்சான்றும் சோதனைக்குள்ளாகிறது.

அதே தெருவில் வேறொரு சாட்சியும் உண்டு. புனித வின்சென்ட் தெ பவுலின் பிறரன்புப் புதல்வியர் 1899இல் அங்கு ஒரு மாளிகையில் குடியேறி, ஏழைகளுக்குப் பணிபுரியத் தொடங்கினர். அம்மாளிகையின் சுதைவேலைப்பாடுகளும் அழியாது நின்றன. கட்டடத்தைக் காப்பதும் மனிதரைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இது சான்று.

14ஆம் இலக்க வீட்டின் கடைசிக் குடியிருப்போர் 1970களின் இறுதியில் வெளியேறினர். நீண்ட சீரமைப்புக்குப்பின் 2018இல் அது அருங்காட்சியகமாயிற்று. சீரமைத்தோர் பிரபுக்கள் காலத்து அழகை மட்டும் மீட்டெடுக்கவில்லை. ஏழைகள் ஏறி இறங்கிய படிக்கட்டுச் சுவரில் அடியில் செம்மண் நிறமும், மேலே நாம் வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தின் நிறமும் இருந்தன. அவற்றையும் அவ்வாறே காத்தனர்.

பழைய மாளிகை ஒன்றின் விலையைக் கேட்கும்போது, அதன் கூரை எத்தனை அடி உயரம் என்று வினவுகிறோம். அக்கூரையின்கீழ் எத்தனை பேர் உறங்கினர் என்றும் ஒருமுறை வினவுவோம். அவ்வினாவுக்கு விடை தேடுபவர், தாம் பிறருக்கு வாடகைக்கு விடும் அறையையும் புதிய கண்களோடு பார்ப்பார்.